மூன்று வளாகத்துக்கும் தனித்தனி சந்தா கேட்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டுமா?

புதுஅடுக்கு

எல்லோருக்கும் வணக்கம். தனியார் நிகர்நிலைப் பல்கலை ஒன்றில் உதவி நூலகராக இருக்கிறேன். முதன்மை வளாகம் கோவைப் பக்கம். இரண்டாவது சென்னைக்கு வெளியே. மூன்றாவது பக்கத்து மாநிலத்தில், புதிது. இதற்கு மேல் ஆன்லைன் பட்டப்படிப்பு மாணவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். சிலர் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள்.

டிசம்பரோடு முடியும் ஆன்லைன் ஆய்விதழ்த் தொகுப்பு ஒன்றைப் புதுப்பிக்கக் கொட்டேஷன் வாங்கினோம். முதன்மை வளாகத்துக்கு முழு விலை. மற்ற இரண்டையும் தனித் தளங்களாகக் கணக்கிட்டு ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அதே அளவு தொகை. ஆன்லைன் மாணவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனி வரி. கடைசியில் ‘வளாகத்துக்கு வெளியிலிருந்து அணுகும் வசதி’ என்று இன்னொரு கட்டணம்.

நிதி அலுவலர் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, “ஆன்லைன்தானே, கோவைக்கு மட்டும் வாங்கி ஒரே பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள்” என்கிறார். அது சரிவராது என்று தெரிகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் எந்த ஷரத்தைக் காட்டிப் பேசுவது என்று பிடிபடவில்லை. இப்படித் தனித்தனியாகக் கேட்பது வழக்கம்தானா? எதைக் கேட்டு வாங்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாம்?

வைகைக்கரை

மேடம், மத்திய அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்த பிறகும் ஏன் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? எங்கள் அரசுக் கல்லூரிக்கே 30 பதிப்பகங்களின் இதழ்கள் வந்துவிட்டன. கொட்டேஷனைக் கிழித்துப் போடுங்கள்.

அலமாரி

வைகைக்கரை சார், அவசரப்படாதீர்கள். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோதே சொன்னது, மத்திய மாநில அரசுகள் நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் மட்டும்தான் இந்தத் திட்டத்தில் என்று. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், பயனடைவோர் சுமார் 1.8 கோடிப் பேர். இதில் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கு இடமில்லை.

ஆனாலும் புதுஅடுக்கு அந்தத் திட்டத்தைக் கவனிக்க வேண்டியதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதில் நாடே ஒரு சந்தாதாரர். காந்திநகரில் இருக்கும் பல்கலை நூலகங்களுக்கான மையம் இன்ஃப்ளிப்நெட் ஒரே கையாக நின்று நடத்துகிறது. ஆறாயிரம் நிறுவனங்களை ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவரச் சம்மதித்த பதிப்பகம், உங்கள் மூன்று வளாகத்தையும் ஒன்றாகப் பார்க்கவே முடியாது என்று சொன்னால் அது விற்பனை உத்தி. பேச்சில் இதை ஒரு முறையாவது சொல்லிவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பக்கங்களைப் படியுங்கள். விலை அங்கேதான் முடிவாகிறது. உரிமம் பெறுபவர் யார், தளம் எது, அனுமதி பெற்ற பயனர் யார் என்று மூன்று வரையறைகள் இருக்கும்.

தளத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஊரை வைத்து எழுதினால், வேறு ஊரில் இருக்கும் வளாகம் வேறு தளம். நிர்வாகத்தை வைத்து எழுதினால், ஒரே ஆட்சிக்குழு, ஒரே பட்ஜெட், ஒரே நூலகத் துறை என்றால் எத்தனை ஊரில் இருந்தாலும் ஒரே தளம். 1990களின் கடைசியில் ஐபி முகவரியை (வளாகத்தின் இணைய இணைப்புக்குரிய எண்) வைத்துக் கதவைத் திறந்த காலத்தில் முதல் வகைக்கு ஏதோ ஒரு நியாயம் இருந்தது. இன்று வளாகத்துக்குள் உட்கார்ந்து இதழ் படிப்பவர்களே குறைவு, பாதி நேரம் விடுதியிலும் வீட்டிலும் பேருந்திலும்தான் படிக்கிறார்கள். அந்த வரையறையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது, ஒரே குடும்பத்தில் படுக்கையறைக்கு ஒரு ரேஷன் அட்டை கேட்பது போல.

தமிழ்நாடு வேளாண் பல்கலையைப் பாருங்கள். தலைமை கோவையில். மதுரை, கிள்ளிகுளம், பெரியகுளம், மேட்டுப்பாளையம், திருச்சிப் பக்கம் நாவலூர் குட்டப்பட்டு என்று உறுப்புக் கல்லூரிகள் பரவிக் கிடக்கின்றன. நிர்வாகம் ஒன்றுதான். அண்ணா பல்கலையில் கிண்டியும் குரோம்பேட்டை எம்ஐடியும் கோவை, மதுரை, திருநெல்வேலி மண்டல வளாகங்களும் அதே போல். ஆனால் அண்ணா பல்கலையின் இணைப்புப் பொறியியல் கல்லூரிகளுக்கு இது பொருந்தாது. பட்டச் சான்றிதழில் ஒரே பெயர் இருந்தாலும் ஒவ்வொரு கல்லூரியும் தனி அறக்கட்டளை, தனி பட்ஜெட். ‘ஒரே பட்டம் கொடுக்கிறோம்’ என்று வாதாடினால் பதிப்பகத்தின் வழக்கறிஞர் முதலில் அதைத்தான் உடைப்பார். ஆட்சிக்குழுவையும் கணக்கையும் காட்டிப் பேசுங்கள்.

அனுமதி பெற்ற பயனர் விஷயத்தில் நீங்களாக வார்த்தை தேட வேண்டியதில்லை. யேல் பல்கலை நூலகத்தில் 1990களில் தொடங்கிய லிப்லைசென்ஸ் திட்டத்தின் மாதிரி ஒப்பந்தம் இலவசமாகக் கிடைக்கிறது. முழுநேர, பகுதிநேர மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள், இணைந்து பணியாற்றும் ஆய்வாளர்கள் எல்லோரும், அவர்கள் எந்த இடத்தில் இருந்தாலும் பயனர்களே என்பது அதன் சாரம். நூலகத்துக்கு நேரில் வரும் வெளியாட்களும் அதில் உண்டு. இந்த வாசகத்தை அப்படியே எடுத்து, ‘பதிவு செய்த ஆன்லைன் மாணவர்கள் உட்பட’ என்று ஒரு சொற்றொடர் சேர்த்து அனுப்புங்கள். ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. பட்டத்தில் சமமானவர் நூலகத்தில் மட்டும் எப்படிக் குறைந்தவர் ஆவார்?

இந்த வரையறை கைக்கு வந்துவிட்டால் அந்த ‘வெளியிலிருந்து அணுகும் வசதி’ வரி தானாக விழுந்துவிடும். எங்கிருந்தாலும் பயனர் என்று எழுதிய பிறகு வெளி ஏது, உள் ஏது?

ப்ராக்ஸிக்காரன்

கடைசி வரியை மட்டும் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். பதிப்பகம் அந்தக் கட்டணத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், சரி. ஆனால் ரிமோட் ஆக்சஸ் மென்பொருள் விற்கும் ஏஜென்சி அதே பெயரில் கேட்டிருந்தால் அது வேறு செலவு. கொட்டேஷன் யாருடைய லெட்டர்ஹெட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே விற்பனையாளர் இரண்டையும் சேர்த்து அடித்துக் கொடுப்பது நடக்கிறது.

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாக. பழைய வழி ஈஇசட்ப்ராக்ஸி மாதிரியான ப்ராக்ஸி. 1999இல் வந்தது, 2008 முதல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பின் கையில். வீட்டிலிருக்கும் மாணவர் உங்கள் சர்வரில் லாகின் செய்வார், பதிப்பகத்தின் கண்ணுக்கு உங்கள் ஐபி மட்டும் தெரியும். மூன்று வளாகத்துக்கும் ஒரே ப்ராக்ஸி வைத்தால், ‘கோவை ஐபி வழியாக மற்ற வளாகத்துக்காரர்களை ஏற்றுகிறீர்கள்’ என்று பின்னால் குற்றம் சொல்ல இடமிருக்கிறது. அதனால்தான் அலமாரி ஐயா சொன்ன வரையறை முதலில் வேண்டும், ப்ராக்ஸி பிறகு.

புதிய வழி ஷிபோலெத், ஓப்பன்ஏதென்ஸ் வகை. இந்தியாவில் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பும் இந்த வகைதான். இதில் ஐபி கணக்கே இல்லை. உங்கள் பல்கலையின் லாகின் பக்கத்தில் பயனர் உள்ளே வருவார், ‘இவர் எங்கள் மாணவர்’ அல்லது ‘ஆசிரியர்’ அல்லது ‘நூலகத்துக்கு நேரில் வந்தவர்’ என்று உங்கள் சர்வர் பதிப்பகத்துக்குச் சொல்லும். பெயரோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பல பதிப்பகங்கள் கூடுதல் தகவல் கேட்கும், கேட்டதையெல்லாம் கொடுக்காதீர்கள். எந்தத் தொகுப்பை யாருக்குத் திறப்பது என்பதையும் இங்கேயே கட்டுப்படுத்தலாம். மூன்றாவது வளாகத்துக்கு மட்டும் வாங்கிய ஒரு தரவுத்தளம் இருந்தால், அந்த வளாக மாணவர்களுக்கு மட்டும் அனுமதிக் குறி போகும்படி அமைக்கலாம்.

அப்புறம் நிதி அலுவலரின் ஒற்றைப் பாஸ்வேர்டு. அது அடுத்த வாரமே ஏதாவது டெலிகிராம் குழுவில் கிடக்கும். யாரோ ஒருவர் ஸ்கிரிப்ட் வைத்து இரவோடு இரவாக ஆயிரக்கணக்கான பிடிஎஃப் இறக்குவார், பதிப்பகம் பல்கலையின் மொத்த ஐபி வரிசையையும் அடைத்துவிடும். தேர்வு நேரத்திலோ ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரத்திலோ இது நடந்தால் துணைவேந்தர் அறைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். தனித்தனி லாகின் இருந்தால் அந்த ஒரு கணக்கை மூடிவிட்டுப் பதில் சொல்லலாம்.

இதற்கும் ஷரத்து கேளுங்கள். முறைகேடு தெரிந்தால் பதிப்பகம் முதலில் எழுத்தில் அறிவிக்க வேண்டும், சரிசெய்ய நாள் கொடுக்க வேண்டும், அவசரமாக அடைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு பயனரை மட்டும் அடைக்க வேண்டும். எங்கள் இடத்தில் இந்த வரி இல்லாமல் ஒரு முறை நான்கு நாள் மொத்தமும் இருட்டு.

விற்பனைப்பக்கம்

முன்னாள் விற்பனைப் பிரதிநிதி என்ற முறையில் கொஞ்சம் அந்தப் பக்க நியாயத்தையும் சொல்கிறேன். திட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

பல பெரிய தொகுப்புகளின் விலைக்கு அடித்தளம், அந்த நூலகம் ஒரு காலத்தில் அச்சு இதழ்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த தொகை. அதன் மேல் வருடா வருடம் சதவீதம் ஏறி வந்திருக்கிறது. உங்கள் கோவை வளாகத்துக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கும். புதிய வளாகத்துக்கு ஒன்றும் இருக்காது. பிரதிநிதிக்கு அதை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாது, அதனால் தனித் தளம் என்று போட்டுவிடுவார். அது முதல் விலை. கடைசி விலை என்று யாரும் நினைத்து அனுப்புவதில்லை.

எண்ணிக்கையிலும் பேரத்துக்கு இடமுண்டு. முழுநேர மாணவருக்கு ஈடான எண்ணிக்கை, அதாவது எஃப்டிஇ என்று ஒரு கணக்கு உண்டு. உதாரணத்துக்கு, நேரடி மாணவர்கள் 9,000, ஆன்லைன் மாணவர்கள் 6,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகக் கொடுத்தால் 15,000க்கான விலைப்படியில் போய் நிற்பீர்கள். ஆன்லைனில் ஆறாயிரமும் எம்பிஏ, பிகாம் என்றால் வேதியியல் இதழ்த் தொகுப்புக்கு அவர்களை எண்ணவே தேவையில்லை. சம்பந்தப்பட்ட துறைகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கில் எடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். யாரும் கேட்பதில்லை, அதுதான் சங்கதி.

இன்னொன்று. வருடக் கடைசி பிரதிநிதிக்கும் நெருக்கடிதான், உங்களுக்கு மட்டும் இல்லை. ஆனால் டிசம்பர் 20ஆம் தேதி பேசத் தொடங்காதீர்கள்.

அலமாரி

இதுவரை இந்த இழையில் வந்ததிலேயே காசு மிச்சப்படுத்தும் யோசனை இதுதான்.

கரிக்கோல்

எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது பயன்பாட்டு அறிக்கையை விட்டுவிட்டீர்களே. கவுண்டர் என்ற பொதுவான பயன்பாட்டுக் கணக்கு விதிப்படி பதிப்பகங்கள் அறிக்கை கொடுக்கின்றன. அதில் டிஆர்_ஜே1 என்பது சந்தா இதழ்களில் எத்தனை கட்டுரை எடுக்கப்பட்டது என்று சொல்லும், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் கட்டுரைகளைக் கழித்துவிட்டு. டிஆர்_ஜே2 எத்தனை பேர் கதவு தட்டித் திரும்பிப் போனார்கள் என்று சொல்லும். டிஆர்_ஜே4 எந்த ஆண்டில் வெளியான கட்டுரை என்று பிரித்துக் காட்டும். மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு பேசினால் பேச்சின் தொனியே மாறும். மின்னூல்களுக்கு இதே போல் டிஆர்_பி2 இருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று பேர் படிக்கலாம் என்று வாங்கிய நூலுக்கு ஐந்து பேராக உயர்த்தச் சொல்லி விற்பனையாளர் நச்சரித்தால், அந்த அறிக்கையில் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

வளாகம் வாரியாக வேண்டும் என்றால் ஒரு சிக்கல். பதிப்பகத்தில் மூன்று வளாகத்துக்கும் ஒரே கணக்கு இருந்தால் அறிக்கையும் ஒன்றாகத்தான் வரும். தாய்க் கணக்கு ஒன்று, அதன் கீழ் மூன்று துணைக் கணக்கு என்று கேட்டு வாங்குங்கள். விலை மொத்தமாக, அறிக்கை தனித்தனியாக. ‘துணைக் கணக்குகள் அறிக்கைக்காக மட்டும், தனித் தளங்களாகக் கருதப்படா’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்தத் துணைக் கணக்கு எண்களையே காட்டி மூன்று பில் வரும்.

அறிவியல்நகர்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பல்கலைக்கழகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தாலும் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில். அறுபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். இது ஒரே நிறுவனம், அதால பிரச்சினை இல்லை.

நான் சொல்ல வந்தது வவுனியா விஷயம். அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வளாகமாக இருந்தது. 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. முதல் நாள் வரைக்கும் அங்கத்தைய விரிவுரையாளரும் மாணவரும் ஒரு நிறுவனத்தின்ர பயனர், அடுத்த நாள் சட்டப்படி வேறு நிறுவனத்தின்ர பயனர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர திருகோணமலை வளாகம், முந்தி வவுனியா இருந்த மாதிரி, வளாகமாகவே தொடருது. எந்த வளாகம் எப்ப பிரியும் எண்டு நூலகருக்குத் தெரியாது. ஒப்பந்தக் காலம் நடக்கேக்க ஒரு வளாகம் பிரிஞ்சால் அந்த வருடம் முடியும் வரைக்கும் அவைக்கு அணுகல் தொடருமோ, பழைய இதழ்களில உரிமை ஆருக்கு எண்டு முதலே எழுதி வைக்கிறது நல்லது.

அலமாரி

நம்மூரிலும் இது நடந்ததுதான். அண்ணா பல்கலையை 2007இல் பிரித்தார்கள், 2012இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். ஐந்து வருடத்துக்குள் உரிமம் பெறுபவரின் பெயரே மாறி மாறி வந்தால் எந்த ஒப்பந்தம் யாருடையது? சேர்வதற்கும் ஷரத்து வேண்டும். புதுஅடுக்கின் பல்கலை நாளைக்கு நான்காவது வளாகம் தொடங்கினால், அதன் மாணவர் எண்ணிக்கை மொத்தத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டும் வரை கூடுதல் விலை இல்லை என்று எழுதி வாங்கலாம்.

வெளிநாட்டு வளாகம் மட்டும் வேறு விஷயம். ஐஐடி மெட்ராஸ் 2023இல் சான்சிபாரில் தொடங்கியது, பிட்ஸ் பிலானிக்குப் பல வருடமாகத் துபாயில் வளாகம் இருக்கிறது. இந்திய விலை இந்தியாவுக்கு மட்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன, அங்கே தனியாகப் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் துபாயில் வளாகம் இருப்பதும் துபாயில் உட்கார்ந்து கோவைப் பல்கலையில் ஆன்லைனில் படிப்பதும் ஒன்றில்லை. இரண்டாவது ஆள் இந்தியாவில் பதிவு செய்த மாணவர். ‘எந்த இடத்தில் இருந்தாலும்’ என்ற சொல் அவரைக் காப்பாற்றும்.

வைகைக்கரை

சரி, இவ்வளவு பேசியும் பதிப்பகம் மசியவில்லை என்றால்? வெட்டிவிடலாமா? எல்லாரும் பயந்துகொண்டே கையெழுத்துப் போடுகிறோம்.

கரிக்கோல்

வெட்டியவர்கள் இருக்கிறார்கள். பத்து வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா பல்கலை 2019 பிப்ரவரி 28 அன்று எல்செவியர் பதிப்பகத்துடன் பேச்சை முறித்துக்கொண்டது. ஜூலையில் புதிய கட்டுரைகளுக்கான கதவு மூடப்பட்டது. 2021 மார்ச்சில், கட்டுரை வெளியிடும் செலவையும் திறந்த அணுகலையும் சேர்த்த புதிய ஒப்பந்தத்தோடு திரும்பி வந்தார்கள். நடுவில் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 2018 வரையான கட்டுரைகளில் பெரும்பகுதிக்கு அவர்களுக்கு நிரந்தர உரிமை இருந்தது, மற்றதை நூலகங்களுக்கிடையிலான பரிமாற்றத்தில் வாங்கிக் கொடுத்தார்கள். பத்து வளாகமும் ஒரே மேசையில் ஒரே குரலில் பேசியது பெரிய பலம். தனித்தனியாகப் பேசியிருந்தால் முதல் மாதமே ஒன்றிரண்டு வளாகம் கழன்று போயிருக்கும்.

நமக்கு அவ்வளவு பணபலம் கிடையாது. ஆனால் நிரந்தர உரிமை ஷரத்து நமக்கும் முக்கியம்தான். சந்தா கட்டிய வருடங்களின் இதழ்கள் சந்தா நின்ற பிறகும் நமக்குக் கிடைக்குமா, எங்கிருந்து கிடைக்கும், போர்ட்டிகோ மாதிரியான மின்னிதழ்ப் பெட்டகத்திலா, பதிப்பகத்தின் தளத்திலேயேவா, அதற்குப் பராமரிப்புக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பல தொகுப்புகள் வாடகை மட்டும்தான். நிறுத்திய நாளோடு சரி. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெட்டுவதும் தப்பு, தெரிந்துகொள்ளாமல் புதுப்பிப்பதும் தப்பு.

புதிதாகச் சில ஒப்பந்தங்களில் ஏஐ பற்றிய தடைகளும் வருகின்றன. கட்டுரையை எந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிலும் ஏற்றக் கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ஆய்வு மாணவர் தன் கணினியில் உரைப் பகுப்பாய்வு செய்வதுகூட அதற்குள் வந்துவிடும். அந்த வரியைச் சுருக்கச் சொல்லுங்கள். கூடவே, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆவது பிரிவு தரும் உரிமைகளை இந்த ஒப்பந்தம் குறைக்காது என்று ஒரு வாக்கியம். எந்த நாட்டு நீதிமன்றம் என்ற ஷரத்தில் லண்டனோ நியூயார்க்கோ இருந்தால், அதை நீக்கிவிட்டு ஒன்றும் எழுதாமல் விடச் சொல்லுங்கள். இந்தியா என்று மாற்றச் சொல்லி வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இது எளிது.

புதுஅடுக்கு

எல்லோருக்கும் நன்றி. நேற்று பிரதிநிதியோடு பேசினோம். லிப்லைசென்ஸ் வாசகத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். வெளி அணுகல் கட்டணம் எடுத்தாயிற்று (ப்ராக்ஸிக்காரன் சொன்னது போலவே, பாதி ஏஜென்சியின் மென்பொருளுக்கானது, அது இப்போது தனி கொட்டேஷன்). சென்னை வளாகம் கோவையோடு சேர்ந்துவிட்டது. மூன்றாவது வளாகம் வேறு மாநிலம் என்று இழுக்கிறார்கள், ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகல் கேட்டிருக்கிறார்கள். ஆன்லைன் எம்பிஏ மாணவர்களை இந்தத் தொகுப்பின் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் அணுகல் உண்டு, அதுவும் எழுத்தில்.

இரண்டு கேள்வி பாக்கி. ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் தங்கள் பழைய லாகினை விடமாட்டேன் என்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் ஒரு விதை நிறுவனத்துக்காரரும் நூலகத்துக்கு வந்து இதழ் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

அலமாரி

விதை நிறுவனக்காரர் நேரில் வந்து நூலகக் கணினியில் படிக்கலாம், நேரில் வருவோர் ஷரத்து இருந்தால். வீட்டிலிருந்து லாகின் கிடையாது. வணிகப் பயன்பாடு கூடாது என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். படித்துக் குறிப்பெடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை, பிடிஎஃப்பை அள்ளிக்கொண்டு போய் நிறுவனத்தில் சுற்றுக்கு விட்டால் சிக்கல் உங்களுக்குத்தான். ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்றவர்களில் கௌரவப் பேராசிரியர், வருகைப் பேராசிரியர் என்று பல்கலை ஆணை கொடுத்தவர்களை ‘இணைந்து பணியாற்றுவோர்’ என்ற தலைப்பில் சேர்க்கலாம். ஆணை இல்லாதவர்களைச் சேர்க்க முடியாது, அவர் உங்கள் முன்னாள் துறைத்தலைவராகவே இருந்தாலும்.

பழைய மாணவர்கள் வழக்கமாகச் சந்தாவுக்குள் வருவதில்லை. பட்டம் வாங்கிய பிறகு லாகின் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று ஐடி பிரிவோடு பேசி ஒரு தேதி வையுங்கள். ஆய்விதழ்க் களஞ்சியமான ஜேஸ்டோர் போன்ற சிலர் பழைய மாணவர்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள், பல்கலை கூடுதலாகச் சேர்ந்துகொள்ளலாம். அது வேண்டாம் என்றால், ஜேஸ்டோரில் யார் வேண்டுமானாலும் சொந்தக் கணக்கு தொடங்கி மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். இதை ஒரு தாளில் அடித்து நூலக வாசலில் ஒட்டிவிடுங்கள், பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

தீர்மான நகலோடு கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கையில் மூன்று வளாகமும் ஒரே கணக்கில் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மாநில எல்லையைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை என்றால், எந்த ஷரத்தின்படி கேட்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள்.